குல்தராவின் கிணறுகள்: சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஜெய்சல்மேருக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா நடத்துநர்களுக்கும், அந்தக் குழுக்களோடு போகும் தமிழ் வழிகாட்டிகளுக்கும்,

உங்களில் ஒருவர் இந்தக் குளிர்காலப் பயணத்துக்காக அச்சிட்ட துண்டறிக்கை என் கைக்கு வந்தது. ஐந்தாம் நாள் நிகழ்ச்சியில் 'சாபம் பிடித்த குல்தரா, ஒரே இரவில் மறைந்த 84 கிராமங்கள்' என்று போட்டு, பக்கத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஓர் உருவத்தையும் வரைந்திருந்தார்கள். கைவிடப்பட்டுக் கிடக்கும் அந்த ஊரின் தலைவர் மகளை ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங் கேட்டான், அதனால் அந்த ஊராரும் சுற்றுக் கிராமத்தாரும் சாபமிட்டுவிட்டு ஒரே இரவில் மறைந்தார்கள், இப்போது அங்கே பேய் உலவுகிறது என்பது பழங்கதை. அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் சார், ஆனா பேய் இல்லேன்னா பஸ் நிறையாது" என்றார். இரண்டு வாரம் கழித்துத் திருத்திய துண்டறிக்கை வந்தது. வெள்ளைப் புடவை இன்னும் பெரிதாகியிருந்தது. ஒருவரிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் பிறந்தவன். காற்றாலைப் பராமரிப்பு வேலையை ஆரல்வாய்மொழியில் தொடங்கி, பிறகு ஜெய்சல்மேரில் ஏழு ஆண்டு இருந்தேன். குல்தராவைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளை உங்கள் பயணிகள் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். கோபுரத்தின் உச்சியில் நின்று பார்த்தால் அந்த ஊரின் தெருக்கள் பலகையில் கோடு போட்ட மாதிரி தெரியும். தை மாதத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சளும் சாம்பலுமாக இருக்கும் பாறை நிலத்தின் நடுவே, நீளமான மண் கரை ஒன்றை ஒட்டிப் பச்சையாக ஒரு பட்டை. கொண்டைக்கடலைச் செடி. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட நம்பிக்கையாகப் பெய்யாத இடத்தில், பாசனம் இல்லாமல் நிற்கும் பயிர். இதை முதன்முதலில் பார்த்த அன்று வேலை ஓடவில்லை. எங்கள் ஊரில் அதைப்போல் நான்கு மடங்கு மழை பெய்கிறது, கண்மாய் பாதி நாள் கருவேலங்காடாகக் கிடக்கிறது.

சரி, குல்தராவுக்கு வருகிறேன்.

ஜெய்சல்மேரிலிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரைக் கட்டியவர்கள் பாலிவால் பிராமணர்கள். பாலி என்ற ஊரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். கதான் என்ற பாலிவால்தான் இங்கே முதலில் குடியேறி உதான்சர் என்ற குளத்தை வெட்டினார் என்று, 1899-இல் லக்ஷ்மி சந்த் எழுதிய ஜெய்சல்மேர் வரலாறு சொல்கிறது. முதலில் வந்தவர் முதலில் குளம் வெட்டியதாகச் சொல்லும் அந்த வரியிலேயே ஊரின் குணம் இருக்கிறது. ஊருக்கு வெளியே மூன்று சுடுகாடுகள் உண்டு. அங்கே நிற்கும் நினைவுக்கற்களை தேவலி என்பார்கள், நம் நடுகல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டு 1235, 1238 ஆகிய ஆண்டுகளில் இறந்தவர்களுக்கானவை. ஆக, சோழர் காலம் முடிவதற்கு முன்பே அந்த மணலில் ஓர் ஊர் இருந்திருக்கிறது.

ஊர் 861 மீட்டர் நீளம், 261 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக மூன்று பெரிய தெருக்கள், அவற்றை வெட்டும் குறுகலான சந்துகள், நடுவில் கோயில். 410 கட்டடங்களின் இடிபாடுகளை எண்ணியிருக்கிறார்கள். கிழக்கே காக்னி ஆறு. இப்போது வெறும் மணல் தடம், ஆனால் அந்த ஊரின் சாப்பாடு அந்தத் தடத்திலிருந்துதான் வந்தது. உங்கள் வழிகாட்டிகள் பயணிகளை மேற்குப் பக்கம் இடிந்த வீடுகளுக்குள் கூட்டிப் போகிறார்களே தவிர, ஆற்றுப் பக்கம் திரும்பக்கூட விடுவதில்லை. அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லையாம்.

காட்டுவதற்கு இருப்பது கடீன். பாலிவால்கள் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பகுதியில் பரப்பிய முறை அது. எங்கள் கண்மாயில் தண்ணீர் கரைக்கு உள்ளே, வயல் கரைக்கு வெளியே. மடையைத் திறந்து தண்ணீரை வயலுக்கு விடுவோம். கடீனில் வயலே கரைக்கு உள்ளே இருக்கிறது. மூன்று பக்கம் பாறைச் சரிவு, தாழ்ந்த நாலாவது பக்கம் மண் கரை. ஆடி ஆவணியில் எப்போதாவது கொட்டும் மழை, பாறையில் நிற்காமல் ஓடி வந்து வண்டலோடு கரைக்குள் தேங்கும். வயலைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு நிலம் வெறும் வரத்துக்காகவே விடப்பட்டிருக்கும், அதை ஆகோர் என்கிறார்கள். தேங்கிய தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் தரை தெரியும்போது அந்த ஈரத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரமும் வேண்டாம், பங்குனியில் அறுவடை. கரையில் மிகுதி நீர் வழியும் கலிங்கும் உண்டு, திறந்து மூடும் மடையும் உண்டு. ஆனால் அவர்கள் மடையைத் திறப்பது பாசனத்துக்கு அல்ல. மிச்சத் தண்ணீரை வடித்தால் அதோடு உப்பும் கழுவிக்கொண்டு போய்விடும். பாலைவனத்தில் நிற்கும் தண்ணீர் நிலத்தை உவராக்கும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் இந்திரா காந்தி கால்வாய் வந்த சில பகுதிகளில் நிலம் ஊறி உவர் பூத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மடையின் அருமை புரியும்.

குல்தராவுக்குத் தெற்கே இருந்த கடீன் எட்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம். உங்கள் குழு அதைச் சுற்றி வர ஒரு முழு நாள் வேண்டும்.

நிலம் அரசருக்கு, உழைப்பு பாலிவால்களுக்கு. கடீன் கட்டிப் பயிர் செய்துகொள்ளுங்கள், விளைச்சலில் நாலில் ஒரு பங்கு அரண்மனைக்கு என்பதுதான் பழைய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஜெய்சல்மேர்ப் பகுதியில் பெரிதும் சிறிதுமாகச் சுமார் 500 கடீன்கள், 12,000 ஹெக்டேருக்கு மேல் உருவாகியிருந்தன. அங்கே பல கடீன்களில் இன்றும் விதைக்கிறார்கள். நான் கோபுரத்திலிருந்து பார்த்த பச்சைப் பட்டை அப்படி ஒன்றுதான். செத்துப்போன ஊரைப் பார்க்க பஸ் நிறைகிறது. அந்த ஊர் விட்டுப்போன உயிருள்ள வயல் சாலையோரத்தில் இருக்கிறது, அங்கே பஸ் நிற்பதில்லை.

ஆகோர் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர் ஒரு கிழவர். எங்கள் காற்றாலைக்கு லாரி போவதற்காக ஒப்பந்தக்காரர் ஒருவர் மண் சாலை போட்டிருந்தார். அந்தக் கிழவர் கைத்தடியோடு வந்து சாலையின் குறுக்கே நின்றுகொண்டார். வெறும் பாறைதானே என்று நாங்கள் சொன்னோம். ஆண்டில் இரண்டு மணி நேரம் இந்த வழியாகத் தண்ணீர் வரும், அதை மறித்தால் கீழே நாற்பது குடும்பத்துக்குக் கோதுமை இல்லை என்றார். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. கண்மாய்க்காரன் மகன், வரத்துக்காலை மறித்துச் சாலை போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் குழாய் பதித்துக் கொடுத்தோம். மழைநீருக்கு பாலர் பானி, ஆழத்து நீருக்கு பாதாள் பானி, இரண்டுக்கும் நடுவே ஜிப்சம் படலத்தின்மேல் ஈரமாகத் தங்கும் நீருக்கு ரேஜானி பானி என்று தண்ணீருக்கு மூன்று பெயர் உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். குல்தராவில் பேய் உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கிணற்றை எட்டிப் பார் என்றார்.

எட்டிப் பார்த்தால் தெரிவது இதுதான். 410 வீட்டுக் கணக்கை வைத்து, ஊர் செழிப்பாக இருந்தபோது 1,588 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 1815-இல் 200 வீடுகளில் 800 பேர் என்கிறது லக்ஷ்மி சந்தின் கணக்கு. அந்த ஆண்டு வாக்கிலேயே பெரும்பாலான கிணறுகள் வற்றிவிட்டன. 1850-இல் படிக்கிணறும் ஆழமான வேறு இரண்டு கிணறுகளும் மட்டும்தான் தண்ணீர் தந்தன. 1890-இல் ஊரில் 37 பேர். திரும்பவும் சொல்கிறேன், 37 பேர். 'ஒரே இரவில்' ஊரே காலியாகியிருந்தால், எத்தனையோ ஆண்டு கழித்து அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அந்த 37 பேர் யார்? திரும்பி வாழ வருகிறவர்கள் நாசமாவார்கள் என்ற சாபம் அவர்களை மட்டும் எப்படி விட்டுவைத்தது? இந்தக் கேள்வியை உங்கள் வழிகாட்டி ஒருவரிடம் நேரில் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

திவான் சாலிம் சிங்கை நல்லவன் ஆக்க இதை எழுதவில்லை. அவன் கொடுமைக்காரன்தான். அந்தக் காலத்தில் ராஜபுதனத்தில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் டாட், 1832-இல் வெளிவந்த தன் நூலில், இவனுடைய பிடுங்கல் தாங்காமல் பாலிவால்கள் நாட்டைவிட்டுப் போனதைப் பதிவு செய்திருக்கிறார். கிணறு வற்றுகிறது, விளைச்சல் குறைகிறது, வரி மட்டும் குறையவில்லை. எந்த விவசாயியும் எங்கேயும் ஊரை விட்டுப் போவது இப்படித்தான். முதலில் கடன் வாங்குவான், பிறகு மாட்டை விற்பான், பிறகு அண்ணன் குடும்பம் கிளம்பும், அடுத்த ஆண்டு தம்பி குடும்பம். எங்கள் பக்கம் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். இதற்குப் பேயும் தேவையில்லை, இருட்டும் தேவையில்லை.

வீட்டுக் கூரைகளும் உத்தரங்களும் விழுந்து கிடக்கும் விதத்தை வைத்து நிலநடுக்கமும் ஒரு காரணம் என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. அதையும் சொல்லலாம். காரணங்களை எடை போடுவது அறிஞர்கள் வேலை. அவர்களுடைய விவாதத்தில் பேய் ஒரு தரப்பாக இல்லை.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் துண்டறிக்கையின் மறுபக்கத்திலேயே சாலிம் சிங்கின் ஹவேலி இருக்கிறது. 'மயில் வடிவத் தாங்கிகளின் முன்னே படம் எடுத்துக்கொள்ள அரிய வாய்ப்பு.' அந்த மாளிகையும் 1815 வாக்கில்தான் எழுந்தது. நகரத்தில் மயில் தாங்கிகள் செதுக்கப்பட்ட காலத்தில்தான் 18 கிலோமீட்டர் தள்ளி ஊர்க் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு இடங்களுக்கும் கூட்டிப் போகிறீர்கள். அந்த மாளிகைக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லையே. இதைவிட நல்ல கதை வேறு என்ன வேண்டும்?

போன மார்கழியில் என் அக்கா குடும்பம் உங்களில் ஒருவரின் குழுவில் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் சேர்ந்துகொண்டேன். பேருந்திலேயே 'பயப்படுறவங்க இறங்க வேண்டாம்' என்று அறிவிப்பு. இறங்கியதும் அரை மணி நேரம் கதை. ஊர்த்தலைவர் மகளைத் திவான் கேட்டான், பஞ்சாயத்துக் கூடியது, இரவோடு இரவாக எல்லோரும் மறைந்தார்கள், இன்றைக்கும் கொலுசுச் சத்தம் கேட்கும். கதை முடிந்ததும் பிள்ளைகள் பேயைத் தேடி ஓடினார்கள். ஒருவன் இடிந்த மாடிப்படியில் ஏறிக் குதித்தான், இரண்டு கற்கள் சரிந்தன. இன்னொருவன் சாவியால் தன் பெயரைச் சுவரில் கீறினான். தமிழில்தான் கீறினான், எனக்கு நன்றாகப் படிக்க முடிந்தது. தடுத்தபோது, "பேய் வீடுதானே அங்கிள்" என்றான். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அது யாரோ குழந்தை பெற்று, கோதுமை அரைத்து வாழ்ந்த வீடு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. வெளியே வந்தால், சுடுகாட்டுத் தேவலி ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வழிகாட்டிதான் எடுத்துக்கொடுத்தார்.

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அக்கா பேர் என்ன?" என்றாள். வழிகாட்டிக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது, நீங்கள் சொல்லும் கதையில் அவளுக்குப் பெயரே இல்லை. அழகி, அதனால் ஊர் அழிந்தது, அவ்வளவுதான் அவளுக்கு வேலை. வரியையும் வறட்சியையும் மறைக்க ஒரு பெண்ணின் அழகு போதும் என்பது நமக்குப் புதிதும் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சுற்றுலா என்று விற்காதீர்கள்.

ஒரு நியாயமான மறுப்பு உங்களிடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. உள்ளூரில் சொல்கிறார்கள், பாலிவால் வழியினரும் வெளியேறிய நினைவைத் தங்கள் முறையில் காக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்வது மானத்துக்காக ஊரைத் துறந்த முன்னோர் கதை. நீங்கள் அதிலிருந்து முன்னோரை எடுத்துவிட்டுக் கொலுசை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். 2013-இல் தில்லியிலிருந்து ஆவி ஆராய்ச்சி செய்கிற குழு ஒன்று அங்கே இரவு தங்கிவிட்டுப் போனது, அதன்பிறகு இந்த வியாபாரம் சூடு பிடித்தது. அங்கே வாழ்ந்தவர்களின் சந்ததி ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் நம்மைப்போல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தங்கள் பாட்டன் வீட்டைப் பேய் வீடு என்று போட்டு டிக்கெட் விற்பதை அவர்கள் பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

கார்த்திகையில் உங்கள் பயணங்கள் தொடங்குகின்றன. அதற்குள் கீழே சொல்வதைச் செய்யும்படி கேட்கிறேன்.

துண்டறிக்கையிலிருந்து 'பேய்', 'சாபம்' இரண்டையும் எடுங்கள். 'கைவிடப்பட்ட பாலைவன வேளாண் ஊர்' என்று போடுங்கள், நீளமாக இருந்தால் 'குல்தரா' என்று மட்டும் போட்டாலும் போதும். பழங்கதையை வழிகாட்டிகள் சொல்லட்டும், ஆனால் அது கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லட்டும். அதோடு 1815, 1850, 1890 ஆகிய மூன்று ஆண்டுகளில் கிணறும் மக்களும் என்ன ஆனார்கள் என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இடிபாடுகள்மேல் ஏறுவதையும் சுவரில் எழுதுவதையும் தேவலிகளைத் தொடுவதையும் பேருந்திலேயே தடை சொல்லுங்கள். மீறுகிறவரை அங்கிருந்து வெளியே அழைத்து வரும் பொறுப்பை வழிகாட்டிக்குக் கொடுங்கள். பொழுது சாய்ந்தால் வாசலை மூடிவிடுவார்கள் என்று தெரிந்தும், 'இரவு அனுபவம்' தருகிறோம் என்று காவலாளியிடம் பேரம் பேசுவதை நிறுத்துங்கள். இதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

சாம் மணல்மேட்டுக்குப் போகும் வழியில், பயிர் நிற்கும் கடீன் ஒன்றின் ஓரத்தில் இருபது நிமிடம் பேருந்தை நிறுத்துங்கள். முன்கூட்டியே அந்த நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய நேரத்துக்குக் காசு கொடுத்து, அவரையே பேசச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால், அங்கே இன்னும் வேலையில் இருக்கும் எங்கள் பையன்கள் நான்கைந்து பேர் வரத் தயார். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குல்தராவைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வழிகாட்டிகளுக்குக் காசில்லாமல் தருகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். செய்கிறீர்களா இல்லையா என்று ஐப்பசி முடிவதற்குள் பதில் எழுதுங்கள். செய்யாதவர்களின் பேருந்தில் என் சொந்தக்காரர்களை ஏற்ற மாட்டேன், ஏறப் போகிறவர்களிடமும் இந்த மடலைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஜெய்சல்மேரில் ஏழு ஆண்டு வேலை பார்த்த காற்றாலைப் பணியாளர் ஒருவன்,
ராமநாதபுரம் மாவட்டம்